கிராமுக்கு எத்தனை ரூபாய்?

முதுகுச் சுமையைக் குறைக்கவேண்டும் என்று தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் போவது கடைக்கு. கடைக்குக் கடைசியில் போனால் போதும். எடை குறைந்த மலையேற்றச் சாமான்கள் விலை கூடியவை என்பது உண்மைதான். மூன்று கிலோ டென்டை விட்டு ஒரு கிலோ டென்டுக்கு மாறவேண்டுமென்றால் ஒரு மாதச் சம்பளமே போய்விடலாம். ஆனால் வீட்டில் பை கட்டும்போது எடுத்து வெளியே வைக்கிற சாமானுக்கு ஒரு பைசா செலவில்லை. அதற்கடுத்து, ஐம்பது நூறு ரூபாயில் நம் ஊர்க் கடைவீதியிலேயே கிடைக்கும் மாற்றுகள் இருக்கின்றன. இந்த இரண்டும் தீர்ந்தபிறகுதான் பெரிய செலவுக்கு வேலை.

இங்கே நான் மனத்தில் வைத்து எழுதுவது, வடக்கே ரயிலேறி டேராடூனில் இறங்கி, சாங்க்ரி என்ற மலைக்கிராமத்திலிருந்து ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு நான்கு நாள் நடக்கக் கிளம்பும் ஒருவரை. உத்தராகண்டில் கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த இடம். தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பாலும் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் ஏறி, அன்றே இறங்கிவிடுகிறோம். ஒரு தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் போதும் என்பதால் சுமை என்ற பேச்சே அதிகம் எழாது. படுக்கை, கூடாரம், நான்கு நாள் துணி எல்லாவற்றையும் தோளில் ஏற்றும்போதுதான் எடையின் அருமை தெரியும்.

முதலில் ஒரு தராசு வேண்டும். சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த விஷயத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. எடுத்துப்போக நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் அதில் வைத்து, கிராமைத் தாளில் எழுதுங்கள். கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வதில் நமக்குச் சாமர்த்தியம் போதாது. ஜீன்ஸ் லேசாகத்தான் தெரியும். தராசில் வைத்தால் எழுநூறு கிராம் காட்டும். சீப்பு, நகவெட்டி, கூலிங் கிளாஸின் கெட்டியான பெட்டி, படிக்க எடுத்த நாவல் என்று ‘இதெல்லாம் ஒரு எடையா’ எனத் தள்ளியவற்றை ஒரு கவரில் போட்டு நிறுத்தால் முக்கால் கிலோ வரும்.

எழுதும்போது உணவு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் தனியே வையுங்கள். அவை நாளுக்கு நாள் குறைபவை. மீதி, முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாறாமல் முதுகில் இருப்பது. அதை அடிப்படை எடை என்கிறார்கள். அது ஒன்பது கிலோவுக்குள் இருந்தால் லேசான பை, நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் மிக லேசான பை என்பது மலையேறிகளிடம் உள்ள வழக்கு. அமெரிக்காவில் பவுண்டில் இருபது, பத்து என்று வைத்த கணக்கு அது, வேதவாக்கு இல்லை. நாலரைக் கிலோவை எட்டுவதற்குப் பெரும்பாலும் பணமும் அனுபவமும் சேர்ந்து வேண்டும். ஒன்பதை எட்டுவதற்குப் புத்தி போதும் என்பது என் கட்சி.

இதற்குப் பணம் தேவையில்லை என்பதை வெகு காலத்துக்கு முன்பே ஒரு பாட்டி காட்டிவிட்டார். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955இல், தம் 67ஆம் வயதில், ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை செல்லும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தன்னந்தனியாக நடந்து முடித்தார். தூரம் சுமார் 3,300 கிலோமீட்டர். அவரிடம் முதுகுப்பையே இல்லை. ஜீன்ஸ் துணியில் தாமே தைத்த ஒரு சுருக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். ராணுவக் கம்பளி ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, டென்டுக்குப் பதில் குளியலறையில் தொங்கும் பிளாஸ்டிக் திரை ஒன்று, காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. அதோடு விடவில்லை, 1957இல் அதே பாதையை மறுபடியும் நடந்தார். இன்று லேசாக நடக்கும் வித்தையைக் கடையில் கற்றுக்கொள்ளும் தலைமுறைக்கு, 1992இல் ரே ஜார்டின் எழுதிய பசிபிக் மலைப்பாதைக் கையேடு ஆதி நூல் மாதிரி. விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ஜார்டினும் மனைவியும் தங்கள் சாமான்களைத் தையல் இயந்திரத்தில் தாங்களே தைத்துக்கொண்டவர்கள். பின்னால் இது ஒரு வியாபாரமாகி, எட்டு கிராம் கரண்டிக்கும் ஏகப்பட்ட விலை வைக்கும் நிலைக்கு வந்தது.

முதன்முறை கிளம்புபவரின் பையை ஒரு கணக்குக்காகப் பிரித்துப் பார்க்கலாம். எழுபது லிட்டர் பை 2.2 கிலோ, இருவர் படுக்கும் டென்ட் 3 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.8 கிலோ, கீழே விரிக்கும் மேட் அரைக் கிலோ. துணிமணி மூன்றரைக் கிலோ. அடுப்பும் பாத்திரமும் ஒரு கிலோ. சோப்பு, பற்பசை, மருந்து 800 கிராம். பவர் பேங்க், சார்ஜர், டார்ச் 700 கிராம். துண்டு, ஸ்டீல் பாட்டில், சில்லறைச் சாமான்கள் ஒரு கிலோ. கூட்டினால் பதினாலரைக் கிலோ. அதன்மேல் நான்கு நாள் உணவு மூன்று கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர். பத்தொன்பதரைக் கிலோவோடு ஒருவர் மலையேறுகிறார். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அறுபது கிலோ ஆளுக்கு அது பன்னிரண்டு கிலோதான்.

துணியிலிருந்து ஆரம்பிப்போம், அங்கேதான் பயம் அதிகம். குளிருமே என்ற பயம், நனைந்துவிடுமே என்ற பயம், புகைப்படத்தில் தினமும் ஒரே சட்டையா என்ற பயம். நடக்க ஒரு செட், அது நனைந்தால் மாற்றவும் இரவில் படுக்கவும் இன்னொரு செட். இதற்குமேல் வேண்டாம். ஆனால் எந்தத் துணி என்பது முக்கியம். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். நம் ஊர் வெயிலில் அது சுகம், மலைக்குளிரில் ஆபத்து. ஆகவே ஜீன்ஸுக்கும் பருத்திப் பனியனுக்கும் விடை கொடுத்துவிட்டு பாலியெஸ்டருக்கு மாறவேண்டும். அதற்குப் பிராண்டுக் கடை தேவையில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய விளையாட்டு டீ-ஷர்ட்டுகளும் டிராக் பேன்ட்டுகளும் மலிவாகக் கிடைக்கும். டீ-ஷர்ட் ஒன்று 140 கிராம் அளவில் இருக்கும். ஃபிளீஸ் சட்டை ஒன்று, பஞ்சு வைத்த ஜாக்கெட் ஒன்று, உள்ளே போடும் தெர்மல் ஒரு செட். இரண்டு தடிமனான கம்பளி ஸ்வெட்டர் செய்கிற வேலையை இந்த அடுக்கு பாதி எடையில் செய்யும். தலைக்கு மங்கி கேப். மார்கழியில் இதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகும் தமிழனை ஊரே கிண்டல் செய்தாலும், எண்பது கிராமில் காது, கழுத்து, தலை மூன்றையும் காப்பாற்றும் பொருள் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? இப்படிப் பார்த்தால் துணி மூன்றரையிலிருந்து இரண்டு கிலோவுக்கு இறங்கும்.

துண்டு விஷயத்தில் நாம் பிறவியிலேயே முன்னால் இருக்கிறோம். மலையேற்றக் கடைகளில் ‘வேகமாகக் காயும் டவல்’ என்று தனியே விற்கிறார்கள். நம் ஈரிழைத் துண்டு நூறு, நூற்றைம்பது கிராம்தான். பையின் வெளியே கட்டி நடந்தால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். வீட்டிலிருந்து டர்க்கி டவலை எடுத்துவருபவர் நானூறு, ஐந்நூறு கிராமைச் சுமக்கிறார், அது நனைந்தால் இன்னும் மேலே. ஷாம்பு பாக்கெட்டும் அதே கதை. பாட்டிலில் இருந்ததைச் சிறு பாக்கெட்டுக்குக் கொண்டுவந்த முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு அதைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனது. வெளிநாட்டு மலையேறிகள் குட்டி பாட்டில்கள் வாங்கிப் பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்புகிறார்கள். நமக்கு ஷாம்பு முதல் தேங்காயெண்ணெய் வரை பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்குகிறது. வெற்றுப் பாக்கெட்டைத் திரும்ப எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான். அந்த உயரத்தில் நான்கு நாளில் தலைக்குக் குளிக்கப் போகிறீர்களா என்பது வேறு கேள்வி.

ஸ்டீல் பாட்டில் முந்நூறு கிராமைத் தாண்டும். கடையில் தண்ணீர் வாங்கிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் முப்பது, நாற்பது கிராம். நான்கு நாளுக்கு அது தாராளமாக உழைக்கும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்குக்குப் பதில் 10,000 போதும். போனை ஏரோப்ளேன் மோடில் வைத்தால் அதுவே மிஞ்சும். மருந்தில் மட்டும் கருமித்தனம் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், பேண்டேஜ், காய்ச்சல் மாத்திரை, உங்களுக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்தவை எல்லாம் சேர்ந்தும் நூற்றைம்பது கிராமைத் தாண்டாது. தலையில் மாட்டும் டார்ச் தொண்ணூறு கிராம், அதையும் விடாதீர்கள். போன் வெளிச்சத்தில் இறங்கலாம் என்பவர்களுக்கு, இறங்கும்போது இரண்டு கையும் வேண்டியிருக்கும் என்பது தெரியாது.

மழைக்குப் பைக்கு மேலே உறை மாட்டுவதைவிட உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை வைத்து, அதற்குள் சாமானை அடுக்குவது மேல். மேலுறை காற்றில் கழன்றுவிடும். முதுகுப்பக்கமாக வழியும் தண்ணீரை அது தடுக்காது. உரச் சாக்குக்குள் இருக்கும் கெட்டியான உள்ளுறையைக் கழுவிக் காயவைத்தால் இந்த வேலைக்கு அச்சாகப் பொருந்தும். உடம்பு நனையாமல் இருக்க, தலைவழியே போடும் மழையங்கியான போன்ச்சோ ஆளுக்கு ஒன்று.

இனி அடுப்பு. கேஸ் கேனிஸ்டரை ரயிலிலும் கொண்டுபோக முடியாது, விமானத்திலும் முடியாது. எரியும் பொருளை ரயிலில் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம். டேராடூனில் தேடி வாங்கி, மிஞ்சியதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். இதற்குப் பேசாமல் அடுப்பையே விட்டுவிடலாம். ஹர் கி தூன் பாதையில் தாலுகா, ஓஸ்லா போன்ற கிராமங்கள் வழியாகத்தான் நடக்கிறோம். சீசனில் வழிநெடுகச் சிறு தாபாக்களில் டீயும் மேகியும் ரொட்டி-பருப்பும் கிடைக்கும். சூடான ஒருவேளைச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டால் உங்கள் முதுகிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைகிறது, அந்த ஊர்க்காரருக்கு நாலு காசு சேர்கிறது.

மீதி வேளைக்கு அடுப்பில்லாத உணவு என்றால் நமக்குச் சொல்லியா தரவேண்டும்? அவல் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடத்தில் ஊறிவிடும். வெல்லத்தூளும் பொட்டுக்கடலையும் போட்டால் காலை உணவு, பருப்புப் பொடியும் ஊறுகாயும் போட்டால் மத்தியானம். சத்துமாவை வறுத்து எடுத்துப்போனால் கரைத்துக் குடிக்கலாம். இங்கே பார்க்கவேண்டிய கணக்கு, நூறு கிராமில் எத்தனை கலோரி என்பது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி தரும், கொழுப்பு ஒன்பது தரும். நூறு கிராம் ஆப்பிளில் ஐம்பது கலோரி, பேரீச்சையில் சுமார் 280, அவலில் சுமார் 350, வேர்க்கடலையில் 560க்கு மேல், நெய்யில் 900. பழத்தைச் சுமப்பவர் தண்ணீரைத்தான் சுமக்கிறார். ‘சூடு பண்ணிச் சாப்பிடலாம்’ என்று பையில் அடைத்து விற்கும் சாம்பார் சாதமும் அப்படியே. அதில் பெரும்பாதி தண்ணீர். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வறுத்த கடலை, ஒரு சின்ன டப்பாவில் நெய். சராசரி நூறு கிராமுக்கு நானூறு கலோரிக்கு மேல் வருமாறு பார்த்துக்கொண்டால் தாபாச் சாப்பாடு போக நாளுக்கு நானூறு கிராமே போதும். மூன்று கிலோ சாப்பாடு சுமார் ஒன்றரையாகிவிடும்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, இதில் பேரம் இல்லை. ஆனால் எங்கே நிரப்பலாம் என்பது தெரிந்தால் பாதி எடை போய்விடும். ஹர் கி தூன் பாதை ஆற்றங்கரையோடு செல்வது, ஓடைகள் அடிக்கடி குறுக்கிடும். ஒரு லிட்டரோடு நடந்து, குளோரின் மாத்திரை போட்டு, சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து குடித்தால் போதும். வறண்ட மலைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். கோடையில் சுனை வற்றியிருக்கும் மலையில் மூன்று லிட்டரும் அவசியமே.

இதுவரை பார்த்ததைக் கூட்டலாம். துணியில் 1.5, அடுப்பில் 0.9, சோப்பு-மருந்தில் 0.5, பவர் பேங்க் வகையில் 0.3, துண்டு-பாட்டில்-சில்லறையில் 0.7. மொத்தம் 3.9 கிலோ. பதினாலரை இப்போது 10.6. இரண்டு பேராகப் போகிறவர்கள் டென்டைப் பிரித்து, ஒருவர் கம்பியும் உள்கூடும், மற்றவர் மேல்துணியும் முளையும் என்று எடுத்தால் ஆளுக்கு ஒன்றரை. 9.1 கிலோ. ஒன்பதின் வாசலுக்கு வந்துவிட்டோம். ஆளுக்கு ஒரு டென்ட் கொண்டுபோகும் நண்பர்கள் குழுக்களைப் பார்த்தால் எனக்குப் புரியவே இல்லை.

கடைக்குப் போகவேண்டிய நேரம் இப்போதுதான் வருகிறது. கையில் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். ஒரு கிராம் குறைய எத்தனை ரூபாய்? நூற்றைம்பது ரூபாய் ஈரிழைத் துண்டு டர்க்கி டவலிலிருந்து முந்நூறு கிராமைக் குறைத்தால் கிராமுக்கு ஐம்பது பைசா. ஐயாயிரம் ரூபாய்ப் பை ஒரு கிலோவைக் குறைத்தால் கிராமுக்கு ஐந்து ரூபாய். முப்பதாயிரத்துக்கு டென்ட் வாங்கி இரண்டு கிலோ குறைந்தால் பதினைந்து. அலுமினியப் பாத்திரத்தை விட்டு மூவாயிரத்துக்கு டைட்டானியம் வாங்கி நூறு கிராம் மிச்சப்படுத்தினால் முப்பது. விலைகள் கடைக்குக் கடை மாறும். ஆனால் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. மேலிருந்து கீழாக, பணப்பை தாங்குகிற இடம்வரை போய் நின்றுவிடலாம்.

படுக்கையில் அவசரப்படக் கூடாது, குளிரில் விடிய விடிய விழித்திருந்தால் மறுநாள் நடையே போய்விடும். ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் பெரிய எழுத்தில் ஒரு வெப்பநிலை போட்டிருப்பார்கள். பல சமயம் அது தாக்குப்பிடிக்கும் எல்லைதான். ‘கம்ஃபர்ட்’ என்று சிறிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், அதுதான் சுகமாகத் தூங்கக்கூடிய அளவு. வருடத்தில் ஒருமுறை மட்டும் போகிறவர் வாங்கவே வேண்டாம். சாங்க்ரியிலும் டேராடூனிலும் வாடகைக்குக் கிடைக்கும். வாடகைச் சரக்கு கனமாக இருக்கும், ஊர்ப்பட்டவர் படுத்திருப்பார்கள். பழைய நாலு முழ வேட்டியை மடித்து மூட்டினால் உள்ளுறை தயார். கீழே விரிக்கும் மேட்டைக் கழித்துவிடாதீர்கள். நம் உடம்புக்கு அடியில் நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, காற்று இல்லாவிட்டால் சூடும் நிற்காது. தரையின் குளிரைத் தடுப்பது மேட்டின் வேலை. மலிவான ஃபோம் மேட்டை வாங்கி, தோளிலிருந்து இடுப்பு தாண்டும்வரை விட்டு மிச்சத்தைக் கத்தரித்துவிடலாம். காலுக்குக் கீழே காலிப் பையை விரித்துக்கொண்டால் சரியாகிவிடும்.

டென்டை மாற்றாமலே அதில் எடை குறைக்க வழிகள் உண்டு. மலிவான டென்டோடு வரும் இரும்பு முளைகளுக்குப் பதில் அலுமினிய முளைகள் வாங்கினால் இருநூறு கிராம்வரை போய்விடும். தரையில் விரிக்கும் ஷீட்டுக்குத் தோட்டக்கலைக்காரர்களிடம் கேளுங்கள். தக்காளி, மிளகாய்ப் பாத்திகளில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் 25 மைக்ரான் கனத்தில் வருகிறது. சதுர மீட்டர் 23 கிராம்தான். இரண்டு மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் துண்டு அறுபது கிராமுக்குள் அடங்கும். ரோலாகத்தான் விற்பார்கள். ஆனால் விவசாயி வீட்டில் வெட்டியது போக மிஞ்சிய துண்டு எப்போதும் கிடக்கும். டென்டையே விட்டுவிட்டு தார்ப்பாய் கட்டுவதும் உண்டு. 90 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 90 கிராம், சில்பாலின் தார்ப்பாய் மூன்றுக்கு மூன்று மீட்டர் என்றால் 810 கிராம், விலை டென்டின் விலையில் சிறு பகுதி. காற்றடங்கிய காட்டுக்குள், கட்டத் தெரிந்தவருக்கு அது சரி. மரங்கள் முடிந்து திறந்த வெளியாகும் உயரத்தில், ஆலங்கட்டி மழைக்கும் பனிக்காற்றுக்கும் நடுவில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காலையும் மறக்கக் கூடாது. காலில் ஏறும் எடை, முதுகில் ஏறும் அதே எடையைப்போல் சுமார் ஐந்து மடங்கு உழைப்பை வாங்கும் என்று ராணுவத்துக்காக நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கணுக்கால் மூடும் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி ஒன்றரைக் கிலோவரை வரும், பிடிமானமுள்ள ஓட்டக்காலணி எழுநூறு கிராம். பனி இல்லாத மாதத்தில், லேசான பையோடு, இரண்டாவது போதும். நேபாளத்தில் சுமை தூக்குபவர்கள் பலர் கோல்ட்ஸ்டார் என்ற உள்ளூர் மலிவு ஷூவில்தான் மலைகளைக் கடக்கிறார்கள்.

பையை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குங்கள். பெரிய பையை முதலில் வாங்கியவர் அதை நிரப்பாமல் விடமாட்டார். மீதிச் சாமான் எல்லாம் தேறியபின் பார்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து லிட்டரே போதும் என்பது தெரியும், அந்த அளவில் ஒன்றேகால் கிலோவுக்குள் நல்ல பைகள் கிடைக்கின்றன. இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்கவேண்டும், எடை தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும். வீட்டிலிருந்து சாமானைக் கொண்டுபோய் அந்தப் பையிலேயே போட்டு, கடைக்குள் கால்மணி நேரம் நடந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.